போர் மீண்டாரும் இரட்டைப் பிணியும்

யுத்தம் முடிவுற்றதென்று அரசாங்கத்தார் உடன்படிக்கையிற் கையெழுத்திடும் நாளும், அதிற் பொருத வீரனது உள்ளத்தில் யுத்தம் முடிவுறும் நாளும் ஒன்றாதல் அரிது. கால் இழந்தானைக் கண்டு இரங்கும் உலகம், உறக்கம் இழந்தானைக் கண்டறிவதில்லை. அவன் அவ்வுறக்கத்தைத் தேடி மதுவை நாடினானாயின், இரங்குதலை விடுத்து இகழவும் தொடங்குகின்றது.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது, அமெரிக்க ஐக்கிய நாட்டுப் படையினின்று மீண்டோர் பலரை ஒருங்கே பற்றியிருக்கும் இரு பிணிகளையும், அவற்றைத் தீர்க்கும் முறையையும் பற்றியதாகும். ஒன்று, போரில் நேர்ந்த பேரதிர்ச்சியால் விளையும் மனநோய். மற்றொன்று, மது, அபின்சத்து முதலிய லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையாதல். இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடியிருக்குமாயின் எதனை முதலில் தீர்த்தல் வேண்டும்? "குடியை முதலில் நிறுத்துக, மனநோயைப் பின்னர்ப் பார்ப்போம்" என்பதே வைத்தியர் பலர் நெடுங்காலம் கூறிவந்த விடை. கேட்பதற்கு மிகவும் நேர்மையுடையதாகத் தோன்றும் இவ்விடையால் நோயாளர் பலர் வைத்தியசாலையின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்விடை பிழையென்பது எவ்வாறு சோதித்து அறியப்பட்டது என்பதே ஈண்டு நாம் சிறப்பாகக் கூற விரும்புவது.

முதலாவது பிணியின் இயல்பைச் சிறிது காண்போம். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் தம் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில் இதற்குத் தனிப்பெயர் அளித்தனர். தமிழில் 'அதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்த நோய்' எனலாம். சுருக்கம் கருதி அதிர்ச்சிநோய் என்றே வழங்குவோம். நடந்து முடிந்த நிகழ்ச்சி கனவிலும் நனவிலும் மீண்டும் நடப்பதுபோலத் தோன்றுதல்; அதனை நினைவூட்டும் இடங்களையும் மனிதரையும் பேச்சையும் விலக்கி வாழ்தல்; தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணம் இருண்டுபோதல்; எந்நேரமும் பகைவன் வருவான் என்பதுபோல உடல் விழித்திருத்தல் ஆகிய இவை ஒரு மாதத்திற்கு மேலும் நீங்காமல் வாழ்க்கையைக் குலைக்குமாயின், அஃது அதிர்ச்சிநோய் எனப்படும். போரினின்று மீண்டார் யாவர்க்கும் இது வருவதன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரும்பாலோர் சில திங்களுள் தாமே தேறிவிடுகின்றனர்.

பெயர் புதியதாயினும் நோய் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துன்புற்ற வீரர்களைப் பரிசோதித்த டா கோஸ்டா என்னும் வைத்தியர், காரணமின்றிப் படபடக்கும் அவர்தம் நெஞ்சத்தைப் பற்றி 1871-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் குற்றத்தை இருதயத்தின்மேற் சாற்றினார். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 'குண்டதிர்ச்சி' என்னும் பொருள்படும் சொல்லை வைத்தியப் பத்திரிகையில் வழங்கினார். வெடிகுண்டின் அதிர்வு மூளையைக் கலக்கியதே காரணம் என்பது அக்காலத்தார் பலரின் ஊகம். பீரங்கியின் அருகே நில்லாதவர்க்கும் அந்நோய் வரக்கண்ட பின்னரே உள்ளத்தின்மேற் பார்வை திரும்பியது.

இங்கே ரிவர்ஸ் என்பாரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமற் செல்ல மனம் வரவில்லை. நம் நீலகிரியிலே 1901, 1902-ஆம் ஆண்டுகளில் தங்கித் தோதவரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1906-இல் பெருநூல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் அறிஞரே அவர். அவரே மதுவும் பிற மருந்துகளும் உடற்களைப்பின்மேற் செய்யும் வேலையைச் சோதித்து 1908-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். அவரே முதல் உலகப்போரின்போது எடின்பரோ நகரத்தை அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் வைத்தியசாலையில், உள்ளம் உடைந்த படைத்தலைவர்களுக்குச் சிகிச்சை செய்தார். "மறந்துவிடு, நினையாதே" என்று நோயாளிக்கு உறவினரும் வைத்தியரும் கூறும் அறிவுரை அவனுக்குத் தீங்கே செய்கின்றது என்றும், நினைவை வெளிப்படையாக எதிர்கொள்ளுதலே நலம் என்றும் அவர் 1918-இல் எழுதினார். மதுவையும் அறிந்தவர், போர்நோயையும் அறிந்தவர். ஆயினும் அவ்விரு ஆராய்ச்சிகளும் தனித்தனி நூல்களாகவே நின்றுவிட்டன. அகழியில் நின்ற ஆங்கிலப் படையினர்க்கு அரசாங்கமே அளவிட்டு ரம் வழங்கிய காலம் அது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சத்திற்கு மருந்து மது என்னும் பாடத்தை வீரன் தானாகக் கற்றுக்கொண்டான் என்று சொல்லுதல் முழு உண்மையாகாது.

மது ஏன் இந்நோயுடன் இவ்வளவு எளிதிற் கூடிக்கொள்கின்றது? ஈராக் தேசத்தில் பாரவண்டி ஓட்டிய ஒருவனைக் கற்பனையில் வைத்துக்கொள்வோம். பாதையோரத்திற் புதைத்த வெடி, முன்சென்ற வண்டியைச் சிதறடித்தது; அதில் இருந்தவன் இவனுடைய நண்பன். ஊர் திரும்பிய பின்னர்ப் பாதையோரத்தில் ஒரு குப்பைப் பையைக் கண்டாலும் இவனுக்கு வியர்க்கின்றது. இரவில் உறங்கினால் கனவு; கனவுக்கு அஞ்சி உறங்காமை. ஒரு கோப்பை அருந்தினான். நெஞ்சின் படபடப்பு அடங்கிற்று, உறக்கம் வந்தது. துன்பம் நீங்கப்பெற்ற செயலை உடல் மறவாது. மறுநாளும் அதனையே செய்யத் தூண்டும். ஆயினும் மது தந்த உறக்கம் கடன் வாங்கிய உறக்கமே. பின்னிரவில் மதுவின் வேகம் தணியும்போது உறக்கம் கலைகின்றது. சில வாரம் அருந்தி நிறுத்தினாலோ, அடக்கப்பட்டிருந்த கனவுகள் முன்னினும் கொடியனவாய்த் திரும்புகின்றன. கைந்நடுக்கமும் படபடப்பும் கூடுகின்றன. இவையெல்லாம் பழைய நோயின் குறிகளைப் போன்றே இருத்தலால், "குடியாவிட்டால் எனக்கு நோய் மிகுகின்றது" என்று அவன் முடிவு செய்கின்றான். அவன் கண்டது பொய்யன்று. அதற்கு அவன் கொண்ட காரணமே பிழை. மேலும், நினைவு எழுந்தபோதெல்லாம் மதுவால் அதனை மூழ்கடித்தமையின், எழுந்த நினைவு தானே தணியும் என்பதை அறிய அவனுக்கு ஒருபோதும் வாய்ப்பு நேரவில்லை.

வியட்நாம் யுத்தம் இவ்விஷயத்தில் இரண்டு பெரிய ஆராய்ச்சிகளுக்கு இடந்தந்தது. அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயின் என்னும் அபின்சத்தைப் படையினர் பலர் புகைத்தனர் என்ற செய்தி 1971-இல் அமெரிக்காவைத் திகைக்கச் செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஊர் திரும்பியவருள் ஏறக்குறைய 900 பேரைத் தேடிக் கண்டு வினாவினார் ஸெயின்ட் லூயிஸ் நகரத்துப் பேராசிரியை லீ ராபின்ஸ். நூற்றுக்கு 20 பேர்வரை அங்கே அபின்சத்துக்கு அடிமையாயிருந்தனர். அவர்களுள் ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர் நூற்றுக்கு 5 பேரளவே. பலர் எவ்விதச் சிகிச்சையுமின்றி விட்டொழித்தனர். இடம் மாறினால் பழக்கம் மாறும் என்பதற்கு இதைப் போன்ற சான்று வேறில்லை எனப் பலர் வியந்தனர்.

ஆனால் மற்றோர் ஆராய்ச்சி வேறொரு பக்கத்தைக் காட்டிற்று. சட்டசபையின் கட்டளையால் நடத்தப்பெற்று 1990-இல் நூலாக வெளிவந்த அவ்வாராய்ச்சி, வியட்நாமிற் பணிபுரிந்த ஆடவருள் ஏறக்குறைய நூற்றுக்கு 31 பேர் ஏதோ ஒரு காலத்தில் அதிர்ச்சிநோயுற்றனர் என்று கணக்கிட்டது. 2006-இல் அக்கணக்கை மிகக் கடுமையான அளவுகோலால் மறுபடி ஆராய்ந்தோர் அதனை நூற்றுக்கு 18.7 எனக் குறைத்தனர்; குறைத்த பின்னரும் அது சிறு தொகையன்று. முதல் ஆராய்ச்சியிலேயே, அதிர்ச்சிநோயுற்றோருள் நால்வரில் மூவரளவினர் மதுவாலோ பிற லாகிரியாலோ துன்புற்றவராகக் காணப்பட்டனர். இவ்விரு ஆராய்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குங்கால் நமக்குத் தோன்றுவது இது: களத்திற் பொழுதுபோக்கவும் அலுப்பு நீங்கவும் கொண்ட லாகிரி, களத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. நினைவை அடக்கக் கொண்ட லாகிரி அவ்வாறு நிற்பதில்லை. நினைவு அவனோடு கப்பலேறி வந்துவிடுகின்றதன்றோ?

இனி வைத்தியசாலையின் இரு வாயில்களைப் பற்றிக் கூறுவோம். மனநோய்க்கு ஒரு பகுதி, குடிநோய்க்கு மற்றொரு பகுதி. வைத்தியரும் வேறு, அவர் கற்ற நூலும் வேறு. நம் பாரவண்டியோட்டி மனநோய்ப் பகுதிக்குச் சென்றால், "குடிக்கின்றவனுக்கு இங்கே சிகிச்சை இல்லை, இத்தனை வாரம் குடியாதிருந்து வா" என்றனர். குடிநோய்ப் பகுதிக்குச் சென்றால், "போரைப் பற்றி இங்கே பேசவேண்டா, பேசினால் குடிக்கத் தோன்றும்" என்றனர். அவன் குடியை நிறுத்தினான், கனவுகள் பெருகின, மீண்டும் குடித்தான், பெயர் ஏட்டினின்று நீக்கப்பட்டது. இதனைச் செய்தவர் கல்நெஞ்சர் என்று நாம் கூறமாட்டோம். புண்ணைக் கிளறினால் நோயாளி தாங்கான், குடியில் மூழ்குவான், உயிருக்கே மோசம் வரும் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினர். ஆயினும், நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்குக என்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

இவ்வச்சம் மெய்யா என்று சோதித்தலே செய்யத்தக்கது. முதலில் லிஸா நஜாவிட்ஸ் என்னும் அம்மையார், இரு பிணிக்கும் ஒருங்கே உதவும் முறையொன்றை 25 பாடங்களாக வகுத்து 2002-இல் நூலாக வெளியிட்டார். அது பழைய நிகழ்ச்சியைக் கிளறாமல், இன்றைய நாளைப் பத்திரமாகக் கழிக்கும் வழிகளை மட்டும் கற்பிப்பது. பலர்க்கு அஃது உதவிற்று; ஆயினும் கிளறினால் என்னாகும் என்னும் கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடைகாண முயன்றோர் எட்னா ஃபோவா என்னும் பேராசிரியை வகுத்த சிகிச்சையைக் கையாண்டனர். நினைவை நேர்நின்று காணச் செய்யும் சிகிச்சை அது.

2012-இல் ஆஸ்திரேலியாவில் 103 பேரையும், 2013-இல் பிலடெல்பியாவில் 165 பேரையும் வைத்து நடத்திய இரு சோதனைகளிலும், நினைவை எதிர்கொண்டவர் அதனால் முன்னினும் மிகுதியாகக் குடித்தாரல்லர். இவை பொதுமக்களைப் பெரும்பான்மையாகக் கொண்டவை. போர் மீண்டாரையே கொண்டு நடத்திய சோதனைகள் 2019-இல் வெளிவந்தன. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் 81 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் குடிதடுக்கும் பயிற்சி மட்டும் அளித்தனர். மற்றவர்க்கு அதனோடு நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சையையும் சேர்த்தளித்தனர். குடி இருசாராரிடத்தும் குறைந்தது. அதிர்ச்சிநோயோ சேர்த்துச் சிகிச்சை பெற்றவரிடத்தே மிகுதியாகக் குறைந்தது. ஸான் டியாகோ நகரத்தில் 119 பேரைக் கொண்டு, மேற்கூறிய நஜாவிட்ஸ் அம்மையாரின் முறையோடு இக்கூட்டுச் சிகிச்சையை ஒப்பிட்டபோதும் முடிவு ஏறக்குறைய அதுவே. போர் மீண்டார் நலத்துறையும் படைத்துறையும் சேர்ந்து வெளியிடும் வழிகாட்டி நூல் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, வேறு பிணி உடனிருத்தல் அதிர்ச்சிநோய்ச் சிகிச்சையை மறுப்பதற்குக் காரணமாதல் கூடாது என்று திட்டமாகக் கூறிவிட்டது.

அச்சிகிச்சையிற் செய்வது யாது என்பதைச் சிறிது விரித்துரைப்போம். ஏனெனில், 'பேச்சுச் சிகிச்சை' என்றவுடன் ஆறுதல் கூறுதல் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். சார்ல்ஸ்டனிற் செய்தது 12 சந்திப்புகள் கொண்டது. ஒவ்வொன்றும் 90 நிமிஷம். முதற் சந்திப்புகளில் இரு பிணியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் விதத்தை வைத்தியர் நோயாளியின் வாழ்க்கையினின்றே எடுத்துக் காட்டுகின்றார். எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றிற்று, அதற்குச் சற்று முன்னர் எதனைக் கண்டான், எதனை நினைத்தான் என்பதை அவன் குறித்து வருகின்றான். பின்பு, அவன் விலக்கி வாழ்கின்றவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அச்சத்தின் அளவை இடுகின்றான். கடைத்தெருவில் நிற்றல் 40 ஆகலாம். பாலத்தின் கீழே வண்டியோட்டுதல் 80 ஆகலாம். தாழ்ந்ததினின்று தொடங்கி, அச்சம் தானே தணியும்வரை அங்கே நின்று பழகுகின்றான். குடித்துவிட்டு நிற்றல் கணக்கில் சேராது.

அதன் பின்னரே கடினமான பகுதி. கண்களை மூடிக்கொண்டு, நண்பனது வண்டி சிதறிய அந்த நாளை, இப்பொழுதே நடப்பதுபோல வாய்விட்டுச் சொல்லுகின்றான். முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து சொல்லுகின்றான். அக்குரல் பதிவு செய்யப்படுகின்றது. வீட்டில் அதனை அவன் நாள்தோறும் கேட்டல் வேண்டும். முதல்முறை நடுங்கிக் கூறியவன் பன்முறை கூறியபின், அந்நிகழ்ச்சி ஒரு நாளில் நடந்து ஒரு நாளில் முடிந்தது என்பதை உணரத் தலைப்படுகின்றான். அவன் அதுவரை நினையாதிருந்த சில துணுக்குகளும் வெளிவருகின்றன. "நான் எச்சரித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்" என்று பல்லாண்டு தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொண்டவன், எச்சரிக்க ஒரு வினாடியும் இருந்ததில்லை என்பதைத் தன் வாயாற் கூறித் தானே கேட்கின்றான்.

இரு சிகிச்சையையும் ஒருவரே செய்வதன் பயன் இவ்விடத்தே விளங்கும். நினைவைக் கூறிய நாளின் மாலையில்தான் மதுவின்மேல் வேட்கை மிகும். ஆதலின் அன்று மாலை எங்கே இருப்பாய், யாருடன் உண்பாய், வேட்கை எழுந்தால் யாரைத் தொலைபேசியில் அழைப்பாய் என்பவற்றை வைத்தியர் அச்சந்திப்பிலேயே அவனுடன் பேசி முடிவு செய்துகொள்கின்றார். வேட்கை என்பது ஏறி நின்று பின் இறங்குவது, அச்சமும் அத்தகையதே. ஒன்றிற் கற்ற பாடம் மற்றொன்றிற்கும் உதவுகின்றது. இரு பகுதிகளில் இரு வைத்தியர் இதனைச் செய்வாராயின், முன்னவர் கிளறிவிட்ட செய்தி பின்னவர்க்கு எட்டுமுன் அம்மாலைப் பொழுது கழிந்துபோம்.

மருந்துகளைப் பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. அதிர்ச்சிநோய்க்கு ஸெர்ட்ரலின், பராக்ஸெடின் முதலியன ஓரளவு உதவுகின்றன. மதுவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் உண்டு. அபின்சத்துக்கு அடிமையானார்க்கு மெதடோனும் புப்ரெநார்பினும் உயிர்காப்பன. கொடுங்கனவுக்கு மிக்க நம்பிக்கையோடு வழங்கப்பட்ட பிரஸோஸின், 304 பேரைக் கொண்ட 2018-ஆம் ஆண்டுச் சோதனையில் வெறும் போலி மாத்திரையினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. மயக்கந்தரும் டயஸிபாம் வகை மருந்துகளை அதிர்ச்சிநோய்க்கு வழங்கலாகாதென வழிகாட்டி நூல் விலக்குகின்றது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தவல்லவை அவை. பெருங்குடியன் திடீரென நிறுத்தும்போது வரும் வலிப்பைத் தடுக்க, வைத்தியர் கண்காணிப்பில் சிலநாள் அவற்றைக் கொடுப்பது வேறு. தானாக வீட்டில் ஒரே நாளில் நிறுத்துதல் அத்தகையார்க்கு அபாயமாகும்.

லாகிரிக்கு அடிமையானவனைப் பழிக்கும் முன்னர் வைத்தியசாலையின் பக்கமும் சிறிது பார்த்தல் தகும். ஈராக்கினின்றும் ஆப்கானிஸ்தானத்தினின்றும் மீண்டு உடல்வலிக்காகச் சிகிச்சை பெற்ற 141,029 பேரின் ஏடுகளை ஆராய்ந்தோர் 2012-இல் வெளியிட்ட செய்தி இது: மனநோய் இல்லாதவருள் அபின்சத்து மாத்திரை வழங்கப்பட்டவர் நூற்றுக்கு 6.5 பேர், அதிர்ச்சிநோய் உடையவருள் நூற்றுக்கு 17.8 பேர். எவனுக்கு அம்மருந்து மிகவும் ஆபத்தோ அவனுக்கே அது மிகுதியாகக் கொடுக்கப்பட்டது. வலியும் உறக்கமின்மையும் மனத்துயரும் ஒருங்கே கூறி வருபவனுக்குப் பத்து நிமிஷத்துள் கொடுக்கக்கூடியது மாத்திரைதானே.

கூட்டுச் சிகிச்சைக்கும் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஸான் டியாகோவில், நினைவை எதிர்கொள்ளும் பிரிவினர், மற்றவரைக் காட்டிலும் குறைந்த சந்திப்புகளுக்கே வந்தனர். பயனுள்ள மருந்து கசக்கின்றது. பாதியில் விடுபவர் பலர். ஆகவே இன்று கேள்வி, வீரனுக்குச் சிகிச்சை தரலாமா என்பதன்று; அவனை முடிவுவரை வரச்செய்வது எங்ஙனம் என்பதே. இதற்கு வைத்தியர் அல்லாதார் கண்ட ஒரு வழியை நாம் மதிக்கின்றோம்.

நியூயார்க் மாகாணத்துப் பப்பலோ நகரத்தில், லாகிரிக் குற்றங்களையும் மனநோயாளர் வழக்குகளையும் விசாரித்த நீதிபதி ராபர்ட் ரஸல், தம்முன் நிற்பவருட் போர் மீண்டார் பலராதலைக் கண்டார். ஒருமுறை வியட்நாம் வீரன் ஒருவன், தலை கவிழ்ந்து, கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் விடையிறுத்துக்கொண்டு நின்றான். சிகிச்சையில் அவனுக்கு முயற்சியே இல்லை. நீதிமன்றத்திற் பணிசெய்தவருள் இருவர் அதே யுத்தத்தினின்று மீண்டவர். அவர்களை அழைத்து, அவனை வெளித்தாழ்வாரத்திற்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் பேசுமாறு நீதிபதி கூறினார். திரும்பி வந்தவன் படைவீரன் நிற்கும் முறையில் நிமிர்ந்து நின்று, நீதிபதியை நேரே நோக்கி, இனி முயல்வேன் என்றான். 2008 ஜனவரியில் ரஸல் போர் மீண்டார்க்கென்றே ஒரு சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். அங்கே தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சை விதிக்கப்படுகின்றது. வழக்குக்கு வந்தவன் பக்கத்தில், சம்பளம் பெறாத முன்னாள் வீரர் ஒருவர் துணையாக நிற்கின்றார். இத்தகைய நீதிமன்றங்கள் இப்பொழுது அந்நாட்டில் நூற்றுக்கணக்காக உள்ளன. அத்துணைவர் வைத்தியம் அறிந்தவரல்லர். சிகிச்சைக்குச் செல்லவேண்டிய நாளில், சென்றாயா என்று கேட்பதும், செல்லவில்லையாயின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவர் வேலை.